அக்காவின் பெயரில் தைத்த வீடு

கேக்கைக் கண்டு முகம் வெளிறிப்போன ஒருத்தியை சட்டை தைக்கிற அந்தக் காமென்ட் தொழிற்சாலை அன்றைக்குத்தான் பார்த்தது. தேநீர் மணி அடித்ததும் நாலாம் லைன் பெண்கள் எல்லோரும் மெஷினை விட்டு எழும்பி ஓடிவந்து தனுஷியாவைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி வெட்டுத்துணிப் பூக்களால் கட்டிய மாலையை அவள் கழுத்தில் போட்டாள். இன்னொருத்தி அளவு நாடாவைத் தலையில் சுற்றி நெற்றிச்சுட்டி மாதிரித் தொங்கவிட்டாள். கலியாணம் கட்டி விலகிப் போகிற பெண்ணை அந்த லைன் இப்படித்தான் வழியனுப்பும். இவளும் எத்தனையோ பேருக்குத் துணிப்பூக் கட்டியவள்தான். மேசையில் வைத்த கேக்கில் இளஞ்சிவப்புக் கிறீமால் எழுதியிருந்தது: "வாழ்த்துக்கள் தக்ஷாயினி."

கலியாணம் அவளுக்கு இல்லை. அதை விடுங்கள், தக்ஷாயினி என்ற பெயரே அவளுடையது இல்லை.

அது அவளுடைய அக்காவின் பெயர். ஏழு வருடத்துக்கு முன், அப்பா கண்ணை மூடிய கையோடு, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து அந்த வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடாகிப் போனது. மூத்தவள் தக்ஷாயினி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி, கம்பஸ் போய்ப் பட்டதாரியாவாள் என்று ஊரே சொன்னது. இளையவள் தனுஷியாவுக்கு அப்போதுதான் பதினைந்து. காமென்டில் சேர்வதற்குப் பதினெட்டு வேண்டும். தாய் சீதேவிப்பிள்ளை தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. மூத்தவளின் அடையாள அட்டையை எடுத்து இளையவளின் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான்.

பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. மண்முனைப் பாலத்தைத் தாண்டிப் போன அந்தக் கம்பனி பஸ்ஸில் அக்காவின் அட்டையோடும் மச்சாளின் அட்டையோடும் ஏறிய சின்னப் பெட்டைகள் எத்தனை பேர்! ஒபிசில் இருந்தவர் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "படத்துல இருந்தத விட மெலிஞ்சிட்டாய் போல" என்றார். அவருக்கா தெரியாது? மெஷினுக்குக் கை வேண்டியிருந்தது, கண்ணை மூடிக்கொண்டார்.

வேலைக்குப் போவதற்கு முதல் நாள் சீதேவிப்பிள்ளை மகளைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். ஒரு கட்டிக் கற்பூரத்தைக் கொளுத்தி அவளை அதன் முன்னால் நிறுத்தினாள்.

"காமென்டுக்குள்ள ஒருத்திக்கும் ஒன்ட சொந்தப் பேரச் சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணு மகள். பேர் வெளியால போனா ஒன்ட வேலையும் போயிரும், அக்காட வாழ்க்கையும் போயிரும்."

தனுஷியா சுடர் மேல் கை நீட்டிச் சத்தியம் பண்ணினாள். உள்ளங்கை சுட்டது. பிறகு தாயும் கை நீட்டினாள்.

"பழைய வீடு அக்காக்கு. நீ உழைச்சுக் கட்டுற கல்வீடு ஒனக்கு. தான்தோன்றியப்பன் அறியச் சத்தியம்."

இந்தச் சத்தியத்தின் கனம் வெளியூர்க்காரருக்கு விளங்காது. அந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வீடு இல்லாத பெண்ணை எட்டிப் பார்க்கவும் ஆள் வராது. வீடு உனக்கு என்று சொன்னால், உன் வாழ்க்கை உனக்கு என்று சொன்னதாக அர்த்தம். பதினைந்து வயதுப் பிள்ளை அதைக் கேட்டு உச்சி குளிர்ந்துதான் போனது.

முதல் நாள் லைனில் சுப்பவைசர் ரதீஸ் "தக்ஷாயினி! தக்ஷாயினி!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவள் திரும்பவே இல்லை. காது கேளாத பிள்ளையை எந்த மடையன் எடுத்தது என்று அவன் தலையில் அடித்துக்கொண்டபோது, பக்கத்து மெஷின்காரி அவளுடைய முழங்கையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள்.

"ஒன்னத்தான் புள்ள கூப்பிர்ராரு. கிறுகிப் பாரு."

அவள்தான் ஹிதாயா. காத்தான்குடிப் பிள்ளை. அவள் கொலர் தைப்பாள், தனுஷியா கைப்பட்டி தைப்பாள். அந்த வேலையின் குணம் அப்படி: ஒரு சட்டை லைன் முழுக்கக் கைமாறிக் கைமாறிப் போகும், ஒருத்தியும் ஒரு முழுச் சட்டை தைக்க மாட்டாள். நடுவில் ஒருத்தி நின்றுவிட்டால் அவள் முன்னால் துணி மலையாகக் குவியும், ரதீஸ் வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான். தனுஷியா வயிற்று வலியில் சுருண்ட நாட்களில் ஹிதாயா தன் கொலரையும் தைத்து இவளுடைய கைப்பட்டியையும் இழுத்துப் போட்டுத் தைத்தாள். ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. இவளும் அவளுக்கு அப்படித்தான்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரம் ஹிதாயா இடியப்பப் பார்சலைப் பிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் முதல்ல மாமிட மகள்ட ஐடி காட்லதான் வந்தன் புள்ள. பதினெட்டு முடிஞ்சதும் ஒபிசுல போய்க் காலப் புடிச்சு அழுது மாத்திக்கிட்டன். ஒனக்கு மட்டும்தான் சொல்றன், ஒருத்தர்ட்டயும் வாய் தொறந்திராத."

தனுஷியாவுக்கு வாய் நுனிவரை வந்துவிட்டது. அப்போது உள்ளங்கையில் கற்பூரம் சுட்டது ஞாபகம் வந்தது. வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, "நான் சொல்லமாட்டன்" என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கும் பதினெட்டு வந்தது. தன் பெயரில் அட்டையும் வந்தது. இனி என் பெயரில் போய்ச் சேரட்டுமா என்று தாயைக் கேட்டாள். "புதுசாச் சேர்ந்தா மறுகா ஹெல்ப்பரா நிண்டு நூல் வெட்டணும் மகள். வீட்டு வேலை பாதியில நிண்டிரும். கொஞ்சம் பொறுத்துக்க" என்றாள் தாய். பொறுத்துக்கொண்டாள். அக்காவுக்குக் கம்பஸ் கிடைக்கவில்லை, மூன்றாம் தரமும் எழுதிப் பார்த்துவிட்டு வீட்டில் இருந்தாள். தங்கச்சி கைப்பட்டி தைத்துக்கொண்டே இருந்தாள். வளவின் பின்பக்கத்தில் அத்திவாரம் போட்டார்கள், சுவர் எழும்பியது, கூரை ஏறியது. கூரை ஏறிய அன்று கம்பனி அளவு நாடாவைக் கொண்டுபோய் ஒவ்வொரு ஜன்னலையும் அளந்துவந்து ஹிதாயாவிடம் ஒப்பித்தாள். முன்னறை ஜன்னல் பெரிது, வயல் வட்டைப் பக்கம் பார்த்தது, அறுவடைக் காலத்தில் காற்று அள்ளிக்கொண்டு வரும் என்று சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டும்! ஹிதாயாவும் சலிக்காமல் கேட்டுக்கொண்டே கொலரைத் திருப்புவாள்.

அக்காவுக்குச் சம்பந்தம் பேசியது அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளை உதயரூபன் பிரதேச செயலகக் கந்தோரில் வேலை. பதிவுக்காரர் வந்து கலியாண எழுத்தும் முடிந்திருந்தது, தாலிகட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்கு நல்லது நடக்கட்டும் என்று அவள் மனதாரத்தான் நினைத்தாள். அவளிடம் கள்ளம் இருக்கவில்லை, அதுதான் அவளுடைய பிழை.

இப்போது கேக்குக்கு வருவோம்.

கேக் முன்னால் நின்றவளைப் பார்த்து ரதீஸ் சிரித்தான்.

"நேத்து லீவு போட்டது இதுக்குத்தானா தக்ஷாயினி? ஒபிசுக்கு வந்து வேலைய விடுறன் எண்டு எழுதிக் குடுத்திட்டு, கலியாண எழுத்தையும் காட்டிட்டு, லைன் பக்கம் எட்டியும் பாக்காமப் போயிட்டாயே. அவ்வளவு வெக்கமா?"

நேற்று அவள் கல்குடாவில் இருந்தாள். "சின்னம்மாக்கு நீ போய்ச் சொன்னாத்தான் கலியாணத்துக்கு வருவா மகள்" என்று தாய்தான் காலை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாள். சின்னம்மாவோ, "ஏன்கா வீணா அலையிறாய்? கொம்மா போனவாரமே போன்ல சொல்லிட்டாவே" என்று கேட்டிருந்தாள். அப்போது உறைக்கவில்லை. இப்போது உறைத்தது. அந்த அட்டையில் இருக்கும் முகம் ஏழு வருடத்தில் முதல் தடவையாக இந்தத் தொழிற்சாலைக்குள் வந்து, அவளுடைய வேலையை அவளுக்குத் தெரியாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

"அது நான் இல்ல" என்று கத்தியிருக்கலாம். கத்தினால் பிறகு நீ யார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தானே சத்தியம் பண்ணியிருந்தாள். கத்தியை வாங்கிக் கேக்கை வெட்டினாள். கண்ணில் நீர் முட்டியது. ஹிதாயா ஒரு துண்டை எடுத்து அவள் வாயில் ஊட்டினாள்.

"அழாத புள்ள. கலியாணத்துக்கு ஆரும் அழுவாங்களா? கள்ளி, எனக்கும் சொல்லாம வச்சிரிந்தாய் என்ன!"

வீட்டுக்கு வந்தபோது சீதேவிப்பிள்ளை பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தாள். தனுஷியா செருப்பையும் கழற்றாமல் போய் முன்னால் நின்றாள்.

"அக்கா நேத்து காமென்டுக்கு வந்தாவா?"

"ஓம்" என்றாள் தாய், அரிதட்டை நிறுத்தாமல். "மாப்பிள்ள வீட்டாக்கள் விசாரிச்சிரிக்காங்க. தக்ஷாயினி எண்டு இந்த ஊர்ப் பொண்ணு ஒண்டு காமென்டுல இரிக்காமே எண்டு கேட்டாங்க. அப்பிடி ஒண்டும் இல்ல எண்டு நான் அடிச்சுச் சொல்லிட்டன். கந்தோர் மாப்பிள்ள காமென்ட் புள்ளய முடிப்பாரா? அந்தப் பேர் அங்க இரிக்கக் கூடாது. அதான்."

"அந்தப் பேர்ல அங்க இருந்தது நானம்மா."

"பேர் அக்காடதானே."

பெற்ற தாய் சொன்ன வார்த்தை இது! சத்தம் கேட்டுத் தக்ஷாயினி உள்ளேயிருந்து வந்தாள். கையில் மருதாணி பூசியிருந்ததால் விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோவிக்காத தனு. சொன்னா நீ விடமாட்டாய் எண்டுதான் சொல்லல்ல. கலியாணம் எண்டு சொல்லி விலகினா சம்பளத்துல புடிச்ச சேமலாபக் காசு முழுக்கத் தருவாங்களாம். அதுல வீட்டுக்கு மாபிள் போட்டிரலாம்."

"எந்த வீட்டுக்கு?"

தக்ஷாயினி தன் மருதாணிக் கையைப் பார்த்தாள். தாய் அரிதட்டைப் பார்த்தாள். தனுஷியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவங்க கல்வீடுதான் கேட்டாங்க மகள்" என்றாள் தாய் கடைசியில். "பழசுக்கு ஒத்துக்கல்ல. போனமாசமே அக்காட பேருக்கு எழுதியாச்சு."

"கற்பூரம் கொளுத்தினீங்களேம்மா!"

"தாய் பிள்ளைக்காகச் செய்யிறது. தான்தோன்றியப்பன் பொறுத்துக்குவார். நீ சின்னவள், ஒனக்கென்ன அவசரம்? இனி ஒன்ட பேர்லயே வேற காமென்டுக்குப் போ. இன்னொரு ஏழு வருசத்துல இன்னொண்டு கட்டிரலாம்."

பொல்லால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பதினைந்து வயதில் தொலைத்த பள்ளிக்கூடம், ஊசி ஏறிய விரல், சொந்தப் பெயரைக் கேட்காமல் கழிந்த பகல்கள், எல்லாவற்றையும் தாய் ஒரு சுளகு மாவைப் போலப் புடைத்துத் தள்ளிவிட்டாள். அந்நியர் யாராவது ஏமாற்றியிருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். தாயையும் அக்காவையும் என்னவென்று சபிப்பது? அவள் பின்வளவுக்குப் போய் அந்த வீட்டின் சுவரில் சாய்ந்து நின்று ஏங்கி ஏங்கி அழுதாள். ஒருவரும் வந்து தேற்றவில்லை. மாவை இறக்கிவைக்க நேரமில்லாமல் பலகார வேலை நடந்தது.

மறுநாள் கத்தரிக்கோலையும் மேலங்கியையும் ஒப்படைக்கத் தொழிற்சாலைக்குப் போனாள். லைன் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "கலியாணத்துக்கு எங்களக் கூப்பிட மாட்டியா? கந்தோர் மாப்பிள்ளை வந்ததும் எங்கள மறந்திட்டாய் என்ன?" என்று ஹிதாயா பகிடியாகக் கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வாங்க" என்றாள் தனுஷியா.

பழிவாங்கவா சொன்னாள்? அவளையே கேட்டிருந்தாலும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டாள். அந்த வீட்டை அவளுடைய வீடென்று நினைத்துப் பார்க்க உலகத்தில் ஹிதாயாவைத் தவிர வேறு ஆள் இருக்கவில்லை. ஒரு தரமாவது யாராவது அப்படிப் பார்க்கட்டும் என்று தோன்றியது, வாய் சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கல்வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, மணவறை கட்டி, மேளம் முழங்கியது. மாப்பிள்ளை உதயரூபன் பட்டுவேட்டியில் உட்கார்ந்திருந்தான். தக்ஷாயினியும் வந்து பக்கத்தில் அமர்ந்தாள். தனுஷியாவைப் பின்னால் சமையல் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தவளின் காதில் வான் ஒன்று வந்து நிற்கும் சத்தமும், பழகிய சிரிப்புகளும் விழுந்தன.

நாலாம் லைன் வந்திறங்கியது. நல்ல உடுப்புடுத்து, முடியில் பூ வைத்தவர்களும் முக்காடு போட்டவர்களுமாகக் கூட்டமாகப் பந்தலுக்குள் நுழைந்தார்கள். முன்னால் வந்த ஹிதாயா கையில் ஒரு பெரிய துணிப்பையோடு மணவறையை எட்டிப் பார்த்து, "தக்ஷாயினி!" என்று கூப்பிட்டாள்.

மணப்பெண் தலையை உயர்த்தினாள். ஹிதாயா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க இல்ல. எங்கட தக்ஷாயினி. காமென்ட் தக்ஷாயினி."

மேளக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார். சீதேவிப்பிள்ளையின் முகம் செத்தவள் முகமாகிப் போனது. "பிழையான வீட்டுக்கு வந்திட்டீங்க மகள், இஞ்ச அப்பிடி ஆரும் இல்ல" என்று முன்னால் பாய்ந்தாள்.

இல்லையாம். அந்த வார்த்தைதான் தனுஷியாவைச் சமையல் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தது. ஈரக் கையோடு பந்தல் நடுவில் வந்து நின்றாள்.

"நான் இஞ்ச இரிக்கன் ஹிதாயா. என்ட பேர் தனுஷியா. அந்தா இரிக்கிறது என்ட அக்கா, அவட பேர்லதான் நான் ஏழு வருசம் தைச்சன். இந்த வீடு அந்த உழைப்புல எழும்பினது."

சொல்லி முடித்ததும் அவளுக்கே பயமாகிவிட்டது. கலியாணம் குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தாள். எல்லாரும் மாப்பிள்ளையின் தாயைப் பார்த்தார்கள். அந்த மனுசி மெதுவாக எழும்பி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சீதேவிப்பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வீடு ஆர்ட பேர்ல எழுதினது?"

"மூத்தவள்ட பேர்லதான், சம்பந்தி."

"அது மாறாதே?"

"மாறாது."

"அப்ப என்னத்துக்கு நிக்கிறீங்க? தைச்சது ஆரா இருந்தா எங்களுக்கென்ன. நேரம் போகுது, மேளத்த அடிக்கச் சொல்லுங்க."

அடித்தார்கள். தாலி ஏறியது. பூ தூவினார்கள். காமென்ட் பெண் என்று தெரிந்தால் மாப்பிள்ளை ஓடிவிடுவான் என்று பயந்துதானே ஒரு பிள்ளையின் வேலையைப் பிடுங்கினார்கள்? மாப்பிள்ளை வீட்டாருக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அவளுடைய வேலையை வீணுக்கு அறுத்திருந்தார்கள். தனுஷியாவுக்கு அழுகையும் வரவில்லை.

ஹிதாயா இன்னும் அங்கேயேதான் நின்றாள். மற்றப் பெண்கள் தயங்கித் தயங்கி வான் பக்கம் போய்விட்டார்கள்.

"என்ட மச்சாள்ட காட் கதைய நான் ஒனக்கிட்ட சொன்னன்" என்றாள் ஹிதாயா. "ஒனக்கு மட்டும்தான் சொன்னன். ஏழு வருசம் ஒரே இடியப்பப் பார்சல்ல தின்டம். எனக்குமா புள்ள சொல்லல்ல?"

"கோயில்ல சத்தியம் பண்ணினன்."

"அவங்கதான் அத ஒடச்சிட்டாங்களே. நீ ஆருக்காக வச்சிரிந்தாய்?"

தாய் தன்னை ஒன்றும் தெரியாதவளாக எந்த இடத்தில் நிறுத்தினாளோ, அதே இடத்தில் தானும் ஹிதாயாவை நிறுத்தியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தலை குனிந்துகொண்டாள். ஹிதாயா துணிப்பையை அவள் கையில் திணித்தாள்.

"ஜன்னல் திரை. லைன்ல எல்லாரும் ஆளுக்கொண்டு தைச்சம். நீ சொன்ன அளவுதான், முன்னறைக்குப் பெரிசு."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வானை நோக்கி நடந்தாள்.

மணவறையிலிருந்து எழும்பி, கழுத்தில் புதுத் தாலியோடு வீட்டுக்குள் போகப் படியேறிய தக்ஷாயினி பையைக் கண்டுவிட்டாள். நடந்தது ஒன்றுமே நடக்காத மாதிரி, சின்ன வயதில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள்.

"தனு, திரையா அது? உள்ள கொண்டு வை. நம்மட ஜன்னலுக்குத்தான் சரியா வரும்."

தனுஷியா திரும்பி அந்த ஜன்னல்களைப் பார்த்தாள். முன்னறையின் பெரிய ஜன்னல் வட்டையைப் பார்த்துத் திறந்து கிடந்தது.

"இது ஒங்களுக்கு வந்ததில்ல" என்றாள். "இது காமென்ட் தக்ஷாயினிக்கு வந்தது. அவ வேலைய விட்டிட்டா."

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் படலையைத் தாண்டினாள். பின்னால் தாய் "மகள்! மகள்!" என்று கூப்பிட்டாள், பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வான் கதவு இன்னும் சாத்தப்படவில்லை. உள்ளே ஹிதாயா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் இவள் வந்து நின்றதும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.